மரியநாயகம் அண்ணர் படத்தில் விட்ட இடம்

காலையில் கடையைத் திறந்து, எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப்போலத் திரியும் புள்ளிமான்களில் வாசலில் படுத்திருந்த ஒன்றை எழுப்பித் துரத்திவிட்டு, கொம்பியூட்டரைப் போட்டேன். அது முழுதாக வருவதற்குள் தொலைபேசி அடித்தது. நோர்வேயிலிருந்து ஜெசிந்தா, மரியநாயகம் அண்ணரின் மகள். அங்கே இன்னும் விடிந்திருக்காத நேரம். விடியாத நேரத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு எதற்காக வரும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

“யோகா அன்ரி, அப்பா போயிட்டார்.”

“எங்க போயிட்டார்?” என்று கேட்டேன். பதினொரு வருடமாக அந்த மனிதர் போவதும் வருவதுமாகவே இருந்தபடியால் என் வாயில் அதுதான் வந்தது. மறுபக்கத்தில் அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

பாலையூற்றில் தனியாக இருந்தவர். விடிந்து வெகுநேரமாகியும் கதவு திறபடவில்லை. பக்கத்து வீட்டார் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்கதவால் உள்ளே போயிருக்கிறார்கள். நித்திரையிலேயே உயிர் பிரிந்திருக்கிறது. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஜெசிந்தா, “அன்ரி, மரண அறிவித்தலுக்கு ஒரு படம் வேணும். அப்பா தனிய நிக்கிற படம்” என்றார். “ஓம், அனுப்பிறன்” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவருடைய படங்களைத் தனியாக ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். பாரிஸ், கனடா, ஜேர்மனி, நோர்வே என்று அவர் போய்வந்த ஊரெல்லாம் அதற்குள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட அவர் தனியாக இல்லை. எல்லாவற்றிலும் அவரது மனைவி றெஜினா அக்கா பக்கத்தில் நிற்கிறார். கடைசிப் பயணத்தில் எடுத்த படங்களில் மட்டும் அண்ணர் தனியாக, நடுவில் நிற்கிறார். அந்தப் படங்களை மூன்று கிழமையாக நான் திறக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம். அவர் ஏன் நடுவில் போய் நின்றார் என்று கேட்காமலே கோபித்துக்கொண்டேன். கேட்கலாம், அடுத்த கிழமை வருவார்தானே என்று இருந்தேன். அதற்குள் இப்படி.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி ஜெசிந்தா கேட்டபோது முதலில் ஏலாது என்றுதான் சொன்னேன். பிறகு ஏன் எழுதினேன் என்பதை வாசித்து முடிக்கும்போது அறிவீர்கள்.

மரியநாயகம் அண்ணரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் சிறிய படகில் அவருக்கு வேலை. கோதுமைக் கப்பலோ, சீமெந்துக் கப்பலோ, எந்த நாட்டுக் கொடியோடு வந்தாலும் கடைசித் தூரம் அண்ணருடைய கயிற்றில்தான் வரவேண்டும். ஓய்வு பெறும்வரை அந்தத் துறைமுக வாயைத் தாண்டி அவர் போனதில்லை. “நான் உலகத்தை உள்ள இழுத்து விடுறவன் பிள்ளை, வெளிய போறவன் இல்லை” என்பார். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும், கொஞ்சம் குறையும் இருக்கும்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டியிருக்கிறது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஸ்ரூடியோ வைத்திருக்கும் யோகராணி நான்தான். என் கடையில் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு கதிரை இருக்கிறது. இந்த ஊரின் பாதிப் பேர் பாஸ்போட் படத்துக்காக அதில் வந்து இருந்தவர்கள். எழும்பிப் போனவர்கள் பிறகு ரொறன்ரோவிலும் லண்டனிலும்தான் இருந்தார்கள். என் தம்பிமார் இரண்டு பேரையும் அந்தக் கதிரையில் இருத்திப் படம் எடுத்து அனுப்பியவள் நானே. எனக்குப் பாஸ்போட் கிடையாது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்களிடம், “எனக்கு ஆர் படம் எடுக்கிறது?” என்று சொல்லிச் சமாளிப்பேன். கலியாணமும் கிடையாது. அதற்குச் சொல்லிச் சமாளிக்க ஒன்றும் கைவசம் இல்லை.

அண்ணரும் றெஜினா அக்காவும் என் கடைக்கு முதன்முதல் வந்தது ஒரு மார்கழி மாதம். ஜெசிந்தா கலியாணம் முடித்து நோர்வேக்குப் போய், தாயையும் தகப்பனையும் வந்துபோகச் சொல்லிக் கேட்டிருந்தார். இரண்டு பேருக்கும் பாஸ்போட் எடுக்கவேண்டும். அக்கா கதிரையில் இருந்ததும் கமராவைப் பார்த்து நல்லாகச் சிரித்தார். பல் எல்லாம் தெரியச் சிரிக்கும் மனிதர்.

“சிரிக்கக் கூடாதக்கா. வாயை மூடுங்கோ. காதைத் தெரிய விடுங்கோ” என்றேன்.

“ஏன் பிள்ளை, சிரிச்சா அந்த நாட்டில விடமாட்டினமோ?”

“சிரிக்கிறதை அங்க போய்ச் சிரியும்” என்றார் வாசலில் நின்ற அண்ணர்.

அக்கா வாயை மூடினார். எடுத்தேன். நத்தார் முடிய வந்து எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நத்தாருக்கு மறுநாள், டிசெம்பர் இருபத்தாறு, கடல் ஊருக்குள் வந்தது. அப்போது அவர்களுடைய வீடு திருக்கடலூரில், கரையோடு இருந்தது. அண்ணர் துறைமுகத்தில் வேலையில் நின்றார். அக்கா வீட்டில் இருந்தார். இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணர் கடைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. காலில் யாருடையதோ பெரிய செருப்பு. “பிள்ளை, றெஜியின்ர படம் இஞ்ச கிடக்கோ?” என்று கேட்டார். கலியாண அல்பம், மகள் சின்னதில் கோயிலில் முதல்நன்மை வாங்கிய படம் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்தது. என்னிடம் இருந்த அந்தப் பாஸ்போட் படம் மட்டும்தான் மிச்சம். கடித உறையோடு எடுத்துக் கொடுத்தேன். நான்கு பிரதி. மூன்றை உறையில் விட்டு, ஒன்றைச் சட்டைப் பையில் வைத்தார். “வாயை மூடச் சொன்னனீங்கள் என்ன” என்றார். அதில் குற்றம் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் படத்தில் சிரிக்கவிடாமல் செய்தது நான்தானே என்று இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு சில வருடங்கள் அவரைத் தெருவில் கண்டால் தலையாட்டுவதோடு சரி. ஓய்வு பெற்ற பிறகுதான் மகளின் கரைச்சல் தாங்காமல் பாஸ்போட் எடுக்க வந்தார். தனியாக அந்தக் கதிரையில் இருந்தார். சிரிக்கவேண்டாம் என்று அவருக்குச் சொல்லவேண்டி வரவில்லை.

முதற்பயணம் நோர்வே. மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தவர், படங்கள் இருந்த, கமராவுக்குள் போடும் சிறிய அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். திறந்து பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எல்லாப் படத்திலும் அண்ணர் ஒரு கரையில் நிற்கிறார். மற்றப் பக்கம் வெறும் பனி, வெறும் மரவீடு, வெறும் கடல்.

“ஆர் அண்ணை இதை எடுத்தது? ஆளை ஓரத்தில தள்ளிப்போட்டுப் பனியை எல்லோ எடுத்து வைச்சிருக்கு” என்றேன்.

“மகள்தான். நான்தான் சொல்லி எடுப்பிச்சனான்.”

“ஏன்?”

“றெஜிக்கு இடம் விட்டனான்.”

சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்தப் பாஸ்போட் படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒரு படத்தில் இல்லாத ஆளைச் சேர்ப்பது எங்கள் ஸ்ரூடியோக்களில் நாளாந்த வேலை. தகப்பன் இறந்த பிறகு நடந்த கலியாணத்தில் தகப்பனை மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். விசா கிடைக்காத மகனைத் தாயின் செத்தவீட்டுப் படத்தில் கொண்டுவந்து விடுவோம். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. நான் அரை மணித்தியாலத்தில் செய்துவிடுவேன். ஆனால் றெஜினா அக்கா விடயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பாஸ்போட் படம் சட்டைக் கழுத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஆள் இல்லை.

கொம்பியூட்டரில் கிடந்த கலியாண வீட்டுப் படங்களிலிருந்து அக்காவின் வயதுக்காரர்களின் உடம்பைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன். அண்ணர் பொறுமையாகப் பார்த்தார். “இது ஆரோ பெரிய இடத்து மனிசி” என்றார். அடுத்ததற்கு, “சேலை சரி, ஆள் பிழை” என்றார். கடைசியில், “றெஜி இப்பிடி விறைச்சுக்கொண்டு நிக்கமாட்டா பிள்ளை” என்றார்.

“பின்ன எப்பிடித்தான் நிப்பா?” என்று சினந்து கேட்டேன்.

அண்ணர் எழும்பி நின்று காட்டினார். உடம்பின் பாரத்தை இடதுகாலில் விட்டு, வலதுகையால் சேலைத் தலைப்பைத் தோளோடு பிடித்து, மற்றக் கையை இடுப்பில் வைத்து, அறுபது வயது மீசைக்காரர் என் கடை நடுவில் தன் மனைவியாக நின்றார். வெளியே முச்சக்கர வண்டி வைத்திருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்தினேன். கடையின் பின்வளவில் சுவரோடு ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினேன். என்னிடமிருந்த சேலைகளில் வயதுக்குத் தோதான ஒன்றை உடுத்து, கமராவை முக்காலியில் நிறுத்தி, தானாக எடுக்கும்படி திருப்பிவிட்டு ஓடிப்போய் அண்ணர் காட்டின மாதிரியே நின்றேன். பிறகு படத்தில் என் தலையை வெட்டி எடுத்துவிட்டு அக்காவின் தலையை வைத்தேன். அண்ணர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

“ஓம். இதுதான் அவ” என்றார். “இது எங்க எடுத்தனீங்கள்?”

“கொம்பியூட்டரில கிடந்தது” என்றேன்.

பொய்தான். தனித்திருக்கும் பெண்ணொருத்தி அடுத்தவரின் மனைவிக்கு உடம்பு கொடுத்தாள் என்று தெரிந்தால் ஊர் எத்தனை கதை கட்டும் என்று பயந்தேன். அண்ணரும் கூச்சப்பட்டு, பிறகு கடைப் பக்கமே வராமல் விட்டுவிடுவார் என்றும் பயந்தேன். இரண்டில் எது பெரிய பயம் என்று அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. பிறகு பாரிஸில் இருக்கும் அக்காவின் தமையனிடம் போனார். கனடாவில் தம்பியிடம் போனார். ஜேர்மனிக்கும் ஒருமுறை. நோர்வேக்குத் திரும்பத் திரும்பப் போனார். ஒவ்வொரு முறையும் கரையில் நின்று, பக்கத்தில் இடம் விட்டுப் படம் எடுப்பித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் நான் கடையைச் சாத்திவிட்டுப் பின்வளவில் போய் நின்றேன். ஊரில் எல்லாருக்கும் அந்தப் படங்களைத் தெரியும். “மரியநாயகத்தார் மனிசியோட உலகம் சுத்திறார்” என்று பகிடி பண்ணுவார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அவரே அல்பத்தை விரித்துக் காட்டுவார். சேர்த்த படம் என்று பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். தலைக்குக் கீழே யார் என்பது மட்டும் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

முதலில் வெளிச்சம் ஒத்துவரவில்லை. அங்கே வெயில் சரிந்து விழும். இங்கே எனக்கு உச்சியில் எரியும். அண்ணருக்கு நீள நிழல் விழுந்திருக்க, அக்கா நிழலே இல்லாமல் நின்றார். “போற இடத்தில சூரியன் எந்தப் பக்கம் நிண்டது எண்டு பாத்துக்கொண்டு வாங்கோவன்” என்று ஏசினேன். துறைமுகத்து மனிதரிடம் அதைச் சொன்னால் போதும். அடுத்த பயணத்திலிருந்து ஒரு சின்னக் கொப்பியோடு வந்தார். பாரிஸ் கோபுரம், பின்னேரம், வெயில் இடப்பக்கத்தால் பதிந்து விழுகுது, காற்று வடமேல், லேசு. இப்படி ஒவ்வொரு படத்துக்கும் எழுதியிருந்தார். கனடா நீர்வீழ்ச்சிக்கு, “சாரல் அடிக்கும், சேலை நனையும்” என்று தனியாகக் குறித்திருந்தார்.

நான் அதை வைத்துக்கொண்டு வெயில் சரியும்வரை காத்திருப்பேன். காற்றுக்கு மின்விசிறியைப் பின்வளவுக்கு இழுத்து வருவேன். நீர்வீழ்ச்சிக்காக, உடுப்பு அயன் பண்ணும்போது தெளிக்கும் போத்தலால் என் சேலையில் நானே தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றேன். அன்று தனியாக நின்று சிரித்தேன். யாரும் கண்டிருந்தால் விசர் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். சொல்ல வெட்கமில்லை, என் வாழ்க்கையில் நான் போன பயணங்கள் அவ்வளவும்தான். அண்ணர் போன இடமெல்லாம் தலைக்குக் கீழே நானும் போனேன். அவர் அடுத்த முறை எப்போது போவார் என்று அவரைவிட எனக்குத்தான் அவசரம்.

பாரிஸ் படத்தில் ஒரு பிழை விட்டேன். என் பின்வளவுக்கு வேலி இல்லை. நான் கோபுரத்துக்கு முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு நின்ற நேரம் ஒரு மான் பின்னால் வந்து நின்றிருக்கிறது. வெட்டி எடுக்கும்போது மானை எடுத்தேன், காதை விட்டுவிட்டேன். அச்சடித்துக் கொடுத்த பிறகு அண்ணர்தான் கண்டார்.

“பிள்ளை, றெஜியின்ர முழங்கைக்குப் பின்னால ஒரு காது நிக்குது.”

“கொம்பியூட்டர் பிழை அண்ணை.”

“பாரிஸில மான் இருக்கோ?”

“இருக்கும்.”

“புள்ளிமானோ?”

நான் படத்தை வாங்கக் கையை நீட்டினேன். அழித்துவிட்டு வேறு பிரதி தருகிறேன் என்றேன். அவர் கொடுக்கவில்லை. “கிடக்கட்டும். அதுவும் வந்தது வந்திட்டுது” என்று சொல்லி அல்பத்துக்குள் வைத்தார். அந்தப் படத்தைக் கோயில் வாசலில் யாரிடமும் காட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

பயணம் முடிந்து வந்தால் சனிக்கிழமைகளில் கடைக்கு வருவார். தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். வெளிநாட்டுக் கதை என்றால் மற்றவர்கள் சொல்வது போல மாளிகையும் கடையும் இராது. “எல்லாரும் வேலைக்குப் போயிடுவினம் பிள்ளை. பின்னேரம்வரை நானும் சுவரும்தான். கதவைத் திறந்தா சத்தம் போடுமோ எண்டு பயம். யன்னலால பாத்துக்கொண்டிருப்பன். ஆரும் நடந்து போனா, அண்டைக்குப் பெரிய விசயம்” என்பார். எந்த ஊருக்குப் போனாலும் துறைமுகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பாராம். நோர்வேயில் ஒருநாள் அவர் இழுத்த கப்பல் ஒன்றைக் கண்டிருக்கிறார்.

“பேர் மாத்திப்போட்டாங்கள். நிறமும் வேற. ஆனா முன்பக்கத்தில ஒரு நெளிவு. அந்த நெளிவோடதான் அது இஞ்சயும் வந்தது. மகளுக்குச் சொன்னனான். ஓம் அப்பா எண்டவ. நம்பேல்லை, தெரியுதுதானே. கிட்டப் போகவும் விடமாட்டினம். தூரத்தில நிண்டு கையைக் காட்டினனான்.”

“அது திருப்பிக் காட்டினதோ?” என்று பகிடியாகக் கேட்டேன்.

“இல்லை.” கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “றெஜி எண்டா நம்பியிருப்பா.”

“நான் நம்புறன் அண்ணை” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அன்றைக்கு வழமையைவிடப் பிந்தித்தான் போனார்.

அப்படி வந்துகொண்டிருந்தவர் இந்த வருடமும் நோர்வேக்குப் போய்வந்தார். வந்த சனிக்கிழமை படங்களைத் தொலைபேசியில் கொண்டுவந்தார். கொம்பியூட்டரில் ஏற்றித் திறந்தேன். துறைமுகம், படகுகள், பின்னால் மலை. நடுவில் அண்ணர். அடுத்தது, நடுவில் அண்ணர். எல்லாவற்றிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நட்டநடுவில் நிற்கிறார்.

“இதில அவவை எங்க நிப்பாட்டிறது?” என்று கேட்டேன்.

“வேண்டாம் பிள்ளை. போதும்.”

பதினொரு வருடம் மனைவிக்கு இடம் விட்ட மனிதர், இனிப் போதும் என்று நினைத்தால் அது அவருடைய விருப்பம். அதில் நான் கோபிக்க என்ன இருக்கிறது? ஆனால் கோபம் வந்தது. அக்காவுக்கு இடமில்லை என்றால் எனக்கு எங்கே இடம்? அதை வாய்விட்டுச் சொல்ல ஏலுமா? சொல்லவேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

“பின்ன ஏன் இஞ்ச கொண்டந்தனீங்கள்? சும்மா அச்சடிக்கிறதுக்கு வேற கடையள் இருக்குத்தானே.”

அண்ணர் நிலத்தைப் பார்த்துச் சிரித்தார். “பிள்ளைக்குப் பாஸ்போட் இருக்கோ?” என்று கேட்டார்.

“எனக்கென்னத்துக்குப் பாஸ்போட்? பகிடி விடுறீங்களோ?” என்று சொல்லிவிட்டு முகத்தைக் கொம்பியூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“இல்லை. கேட்டனான்.” அவருடைய கை சட்டைப் பைக்குப் போனதும், திரும்பி வந்ததும் கடைக்கண்ணில் தெரிந்தது. “கோவிக்காதேங்கோ. பிறகு வாறன்.”

நான் தலை நிமிரவில்லை. வெளியே முச்சக்கர வண்டி புறப்பட்ட சத்தம் கேட்டது. அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. எடுத்துப் பேசுவோமா என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன், வைத்தேன். அவரல்லவோ வரவேண்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணிக்குத் தண்ணீர் மட்டும் இரண்டு பேருக்கு வைத்தேன். பிறகுதான் ஜெசிந்தாவின் அழைப்பு வந்தது.

கடைசிப் படங்களில் ஒன்றை எடுத்துத்தான் மரண அறிவித்தல் செய்தேன். பின்னால் இருந்த துறைமுகத்தை நீக்கி, வழமைபோல நீல நிறம் விட்டேன். பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு நானே பாலையூற்றுக்குக் கொண்டுபோனேன். ஜெசிந்தா வந்து சேரும்வரை பிரேதம் வீட்டில் இருந்தது. துறைமுகத்தில் கூட வேலை செய்தவர்கள் வந்து, அவர் கயிறு எறிந்தால் ஒருமுறைக்கு இரண்டாம் முறை எறிந்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேமக்காலையில் றெஜினா அக்காவுக்குப் பக்கத்தில் அடக்கம். எல்லாரும் மண் போட்டார்கள். நான் பின்னால் நின்றேன். என்ன உறவு என்று சொல்லிக்கொண்டு முன்னுக்குப் போவது? படம் எடுக்கிற மனிசி, அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். தம்பிமார் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

ஒரு கிழமை கழித்து ஜெசிந்தா அல்பங்களைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். நினைவு மலரின் முதற்பக்கத்துக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று தெரிவு செய்து தரவேண்டும், அதோடு நானும் ஏதாவது எழுதவேண்டும் என்றார்.

“ஏலாது” என்றேன்.

“ஏன் அன்ரி?”

தாயை நினைத்து ஒரு பிள்ளை அச்சடிக்கப்போகும் மலரில் என் உடம்பு போவது சரியில்லை. ஒளிக்க இனி எனக்குச் சக்தியும் இல்லை. “ஜெசிந்தா, கோவிக்காதேங்கோ. அதில நிக்கிறது உங்கட அம்மா இல்லை. தலை மட்டும்தான் அவ. மிச்சம் நான்” என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும் அன்ரி” என்றார்.

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

“அப்பா சொன்னவர். மான் காதைக் கண்ட அண்டைக்கே அவருக்குத் தெரியும். உங்களுக்குக் கூச்சமா இருக்கும் எண்டு கேக்காமல் விட்டவர். இந்த முறை துறைமுகத்தில படம் எடுக்கேக்க, கரையில நில்லுங்கோ அப்பா, அம்மாவுக்கு இடம் வேணும் எண்டனான். மாட்டன் எண்டிட்டார். ‘அந்தப் பிள்ளைக்கு முழங்கால் ஏலாது. மேசையைப் பிடிச்சுத்தான் எழும்புது, பாத்தனான். இனியும் வெயிலுக்க நிப்பாட்டக் கூடாது’ எண்டு சொல்லிப்போட்டு நடுவில போய் நிண்டவர்.”

என் முழங்கால் வருத்தத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. கண்டு கேட்டவர்களும் இல்லை.

“வேற என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

ஜெசிந்தா சிரிக்கப் பார்த்தார், ஏலவில்லை. “‘பதினொரு வருசமா எங்களோட தலையில்லாமல் வருது. ஒருக்காத் தலையோட வரட்டும்’ எண்டவர். அடுத்த முறை உங்களையும் கூட்டிக்கொண்டு வரப்போறன் எண்டு என்னைக் கொண்டு அழைப்புக் கடிதம் எழுதுவிச்சவர். உங்கட முழுப்பேர் தெரியாமல், கடைப் பலகையில இருக்கிறதைத்தான் சொன்னவர். கடிதத்தைத் தன்ர கையால தரவேணும் எண்டு சட்டைப் பையில வைச்சுக்கொண்டு வந்தவர். அவர் உங்களிட்டக் கேட்டவரோ அன்ரி?”

“கேட்டவர்” என்றேன்.

கடிதம் அவருடைய அலுமாரிக்குள் இருந்ததாம். ஜெசிந்தா எடுத்து மேசையில் வைத்தார். இப்போதும் வரலாம் அன்ரி, நான் திரும்ப எழுதித் தாறன் என்றார். பாப்பம் என்றேன். நல்ல பிள்ளை. ஆனால் அண்ணர் இல்லாத இடத்துக்கு நான் எதைப் பார்க்கப் போவது? எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இந்த மலரின் முதற்பக்கத்தில் நீங்கள் காணும் படம் ஜெசிந்தாவும் நானும் சேர்ந்து தெரிவு செய்தது. அண்ணர் நோர்வேயின் துறைமுகத்தில் தனியாக, நடுவில் நிற்கிறார். பின்னால் படகுகளும் மலையும் தெரிகின்றன. வெயில் வலப்பக்கத்தால் விழுகிறது, காற்று இல்லை. நான் அதில் ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் அழிக்கவில்லை.

அண்ணை, இதை வாசிக்கிறவர்கள் என்ன கதை கட்டினாலும் கட்டட்டும். ஒரு மனிதர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கு மறுமொழி சொல்லாமல் உங்களை அனுப்பிவைக்க என்னால் ஏலாது. பாஸ்போட் இல்லை அண்ணை. எடுத்திருப்பேன்.